டீஹியூமிடிஃபையர்: ஈரலிப்புப் போகும், ஹீற்றிங் பில்லும் குறையுமா?

ஒக்டோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் இங்கிலாந்து வீடுகளில் இந்தத் தொல்லை தொடங்கிவிடும். காலையில் திரைச்சீலையை விலக்கினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அது வழிந்து யன்னல் கட்டையில் தேங்கி நிற்கும், மூலையில் கறுப்புப் புள்ளிகள் பிடித்திருக்கும். அலுமாரியைத் திறந்தால் பழைய சாக்கு மணம். உடனே யாராவது சொல்வார்கள்: "ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்குங்கோ, ஈரலிப்பும் போகும், ஹீற்றிங் பில்லும் பாதியாகும்."

அறைக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் மெசின் அது. ஈரலிப்பைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. பில்லைப் பற்றிச் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். மெசினை வாங்கி மூலையில் வைத்து ஓடவிட்டால் கரண்ட் பில் கூடத்தான் செய்யும். செலவு வைக்கும் வேறொன்றை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதைப் பாவித்தால்தான் காசு மிஞ்சும். எதை நிறுத்துவது, எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கும் கீழே வருகிறது.

முதலில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மெசின் வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஈரலிப்பு மூன்று வழிகளில் வரும்.

வீட்டுக் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் தண்ணீராவது ஒன்று. குளிர்பெட்டியில் இருந்து எடுத்த சோடாப் போத்தல் வேர்ப்பதும் இதனால்தான். யன்னல், வெளிச்சுவர் மூலை, அலுமாரிக்குப் பின்பக்கம், கட்டிலின் தலைமாடு, இந்த இடங்களில்தான் இது தெரியும். கறுப்புப் பூஞ்சணம் கூடவே வரும்.

வெளியிலிருந்து மழைத்தண்ணீர் ஊறி வருவது இரண்டாவது. பீலி உடைந்திருக்கும், கூரை ஓடு விலகியிருக்கும், அல்லது செங்கல் இடைப்பூச்சு உதிர்ந்திருக்கும். மழை பெய்த அடுத்த நாள் கறை பெரிதாகும்.

மூன்றாவது நிலத்திலிருந்து சுவர் வழியாக மேலே ஏறுவது. கீழ்ச்சுவரில் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம் வரைக்கும் வரும், மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இதைப் பலர் அளவுக்கு மிஞ்சிச் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் முதலாவதுதான் குற்றவாளி.

சந்தேகம் இருந்தால் சமையல் அலுமினியத் தாளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, சந்தேகமான இடத்தில் நான்கு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் துளி பிடித்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருந்து வருகிறது.

டீஹியூமிடிஃபையர் முதல் வகைக்கு மருந்து. மற்ற இரண்டுக்கும் திருத்த வேலைதான் செய்ய வேண்டும். ஓட்டைப் பீலியை விட்டுவிட்டு மெசினை ஓட்டினால் மழைத்தண்ணீரைக் கரண்ட் காசு கொடுத்து இறைப்பதாகிவிடும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சொல். சுவர் ஊறுகிறது என்று முறையிட்டால் சில வீட்டுக்காரர்கள் ஒரு மெசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதன் கரண்ட் காசும் உங்கள் தலையில். அதோடு அமைதியாகிவிடாதீர்கள். 2020 டிசம்பரில் றொச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக், பூஞ்சணம் பிடித்த சமூக வீட்டில் (கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ வாடகைக்கு விடும் வீடு) வாழ்ந்ததால் மூச்சு பாதிக்கப்பட்டு இறந்தான். அவன் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான ஈரலிப்பு, பூஞ்சணம் பற்றி அறிவித்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து உறுதியானால் அதன் பின் 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். உடனடி ஆபத்துள்ள அவசரம் என்றால் 24 மணித்தியாலம். முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புங்கள், திகதியோடு படமும் எடுத்து வையுங்கள்.

ஹைக்ரோமீற்றர் இல்லாமல் தொடங்காதீர்கள்

காற்றின் ஈரப்பதனைக் காட்டும் சிறிய கருவி இது. 10 பவுணுக்கு உள்ளே கிடைக்கும். இரண்டு வாங்கி ஒன்றைப் படுக்கையறையிலும் மற்றதை அதிகம் வேர்க்கும் அறையிலும் வையுங்கள். றேடியேற்றருக்கு மேலேயோ யன்னல் கட்டையிலோ வைத்தால் பிழையான எண் காட்டும். ஒரு வாரம் காலையும் இரவும் குறித்து வந்தாலே வீட்டின் போக்கு விளங்கிவிடும்.

40 முதல் 60 வீதம் வரை நல்லது. 65க்கு மேலேயே நாள் முழுக்க நின்றால் வேலை இருக்கிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கருவி காட்டுவது அறை நடுவில் உள்ள காற்றை. பூஞ்சணம் பார்ப்பது சுவரின் மேற்பரப்பை. அறை 20 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால், 12 பாகைக்குக் குளிர்ந்த இடத்தில் தண்ணீர் படியும். ஆனால் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்று 80 வீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால் போதும். அதே அறையில் சுவர் 15 பாகைக்கு இறங்கினாலே அந்த நிலை வந்துவிடும். விக்ரோறியா காலத்து ஒற்றைச் செங்கல் சுவர் வீடுகளில் ஜனவரியில் அலுமாரிக்குப் பின்னால் 15 பாகை என்பது சாதாரணம். அறை நடுவில் எண் நன்றாக இருக்கும், கூறைச்சேலை வைத்த அலுமாரியின் பின்பலகையில் பூஞ்சணம் பூத்திருக்கும். அதனால் அலுமாரி, சாமித்தட்டு, கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். நாலு விரல் இடைவெளி விடுங்கள். முடிந்தால் உட்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

காசில்லாத வேலைகள்

எங்கள் வீடுகளில் நீராவிக்குப் பஞ்சமில்லை. சோறு வடிக்கிறோம், புட்டு அவிக்கிறோம், இடியப்பம் தட்டுத் தட்டாக அவிக்கிறோம், கறி மணிக்கணக்கில் கொதிக்கிறது. குளிரென்று குசினிக் கதவைத் திறந்தே வைக்கிறோம். அந்த ஆவி மாடிப்படி வழியே ஏறி, ஆள் இல்லாத குளிர்ந்த அறையில் போய்ப் படிகிறது. சமைப்பது கீழே, பூஞ்சணம் மேலே.

பானையை மூடுங்கள். அவிக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி, அடுப்புக்கு மேலே உள்ள ஃபானை முதலே போட்டு, முடிந்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அந்த ஃபான் ஆவியை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். உள்ளேயே விடும் வகை மணத்தைத்தான் குறைக்கும், ஈரத்தை அல்ல. குளியலறை ஃபானில் ஒரு ரிஷ்யூத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் தூசி அடைத்திருக்கும்.

அப்புறம் யன்னல். "வெளியில மழை, திறந்தா ஈரம் உள்ள வரும்" என்பார்கள். குளிர்காலத்தில் அது பிழை. வெளியே 5 பாகையில் 90 வீத ஈரப்பதனோடு இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 35 வீதத்துக்கும் கீழே போய்விடும். குளிர்காற்றால் அவ்வளவு நீராவியைச் சுமக்க முடியாது. அதனால் காலையில் எதிரெதிர் யன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது நல்ல வழி. காற்று மாறும், சுவரின் சூடு அப்படியே இருக்கும். நாள் முழுக்க ஒரு விரல் இடைவெளியில் திறந்து வைத்து ஹீற்றிங்கையும் போடுவதுதான் காசைக் கரைக்கும். செப்ரெம்பர், ஒக்டோபரில் வெளியே 16, 17 பாகையில் மந்தாரமாக இருக்கும் நாட்களில் யன்னல் அவ்வளவு உதவாது. அந்த நேரத்தில் மெசின் தன் மதிப்பைக் காட்டும்.

எந்த மெசின்?

இரண்டு வகை. கொம்பிறசர் வகை குளிர்பெட்டியைப் போன்ற தொழில்நுட்பம். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் படிந்து தொட்டிக்குள் விழும். 150 முதல் 250 வாற் வரை எடுக்கும். 15 பாகைக்கு மேலே நன்றாக வேலை செய்யும், அதற்குக் கீழே போகப் போகச் சுருளில் பனி பிடித்து மந்தமாகும். டெசிக்கன்ற் வகை சியோலைற் என்ற பொருளால் ஈரத்தை உறிஞ்சி, பிறகு அதைச் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கும். 300 முதல் 650 வாற் வரை எடுக்கும், ஆனால் சில பாகைக் குளிரிலும் சளைக்காது.

ஆட்கள் வாழும், ஹீற்றிங் போடும் வீட்டுக்கு கொம்பிறசர். கராஜ், கொன்சேவற்றரி, ஹீற்றிங் இல்லாத பின்னறை என்றால் டெசிக்கன்ற். இதில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை; பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலாவதுதான் சரி.

பெட்டியில் "12 லீற்றர்", "20 லீற்றர்" என்று போட்டிருப்பது ஒரு நாளைக்கு இழுக்கும் தண்ணீர். வழமையாக அதை அளப்பது 30 பாகை, 80 வீதத்தில். அப்படி ஒரு காலநிலை யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், லண்டன் லூசியத்தில் ஜனவரியில் இல்லை. உங்கள் வீட்டில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். ஒரு படுக்கையறை ஃபிளாற்றுக்கு 12 லீற்றர் போதும். மூன்று அறை வீடு, நாலைந்து பேர், வாரம் முழுக்கத் தோய்ச்சல் என்றால் 20 எடுங்கள்.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். நாம் வைத்த வீதத்தை எட்டியதும் தானே நிற்கிறதா, கரண்ட் போய் வந்தால் தானே தொடங்குகிறதா, குழாய் பூட்டித் தண்ணீரை நேரே வடிய விடலாமா, சக்கரம் இருக்கிறதா. வைஃபை எல்லாம் தேவையில்லை. 30, 40 பவுணுக்கு வரும் கையடக்கக் குட்டி மெசின்களை வாங்காதீர்கள். அவை நாளுக்குச் சில நூறு மில்லிலீற்றர்தான் எடுக்கும். இரண்டு பேர் ஓர் இரவு மூச்சு விட்டாலே அதைவிட அதிகம். உப்புக் கட்டி போட்ட பிளாஸ்ரிக் பெட்டிகள் அலுமாரிக்குள் வைக்க மட்டும் சரி.

பழைய மெசினை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் அந்த மொடல் தீ அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இப்படி மீளப் பெறப்பட்ட டீஹியூமிடிஃபையர்கள் பல உண்டு.

ஓட்டும் முறை

கொம்பிறசர் மெசினைக் காரில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே போடக் கூடாது. நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் விடுங்கள். சொல்லாவிட்டால் ஒரு நாள்.

முழு வீட்டுக்கும் ஒன்று என்றால் மாடிப்படி ஏறி முடியும் இடம் நல்லது. உள்கதவுகளைத் திறந்து விடுங்கள், யன்னல்களை மூடுங்கள். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எக்ஸ்ரென்சன் வயர் வேண்டாம், நேரே சுவர் பிளக்கில் போடுங்கள்.

முதலில் 55 வீதத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் மெசின் நிற்காமல் ஓடும், தொட்டி அடிக்கடி நிரம்பும். பழுது என்று நினைக்க வேண்டாம். மெத்தை, கார்பெற், பூச்சு, புத்தகம் எல்லாம் மாதக்கணக்கில் குடித்த தண்ணீரை இப்போதுதான் விடுகின்றன. ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டம் குறையும். காலையில் கண்ணாடி காய்ந்திருந்தால் அந்த அளவே போதும். இன்னும் வேர்த்தால் 50க்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம்: கரண்ட் வீண், தொண்டை வறளும், மரச்சாமான் வெடிக்கும்.

இரவில் மலிவான கரண்ட் கட்டணம் உள்ளவர்கள் அந்த மணித்தியாலங்களில் ஓட்டலாம். சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் அறைக்கு வெளியே வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். தொட்டித் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கழிவறைக்கு ஊற்றலாம். யன்னலோரம் வளர்க்கும் கறிவேப்பிலைக் கன்றுக்கு அதை ஊற்றும் அம்மாக்களும் உண்டு. கன்று உயிரோடுதான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் பொரியல் எண்ணெயும் உள்ள வீட்டில் அது சீக்கிரம் அடைக்கும்.

உடுப்புக் காயப்போடுவது: காசு மிஞ்சும் இடம்

ஒரு தோய்ச்சல் உடுப்பு, தோய்க்கும் மெசின் சுற்றிப் பிழிந்த பிறகும், ஏறக்குறைய 2 லீற்றர் தண்ணீரோடு வெளியே வரும். அதை றேடியேற்றரில் போட்டால் அந்த 2 லீற்றரும் உங்கள் சுவருக்குத்தான் போகும்.

வீட்டிலேயே சின்ன அறையைத் தெரிவு செய்யுங்கள். கதவையும் யன்னலையும் மூடுங்கள். கொடியில் உடுப்புக்கு உடுப்பு கை நுழையும் இடைவெளி விட்டு, தடித்த ஜீன்ஸ், துவாய் எல்லாவற்றையும் காற்று நேரே படும் பக்கம் போடுங்கள். மெசினை உடுப்புக்குக் கீழே வைக்காதீர்கள், பக்கவாட்டில் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள். சொட்டும் தண்ணீரும் கரண்டும் சேரக் கூடாது, மெசினுக்கு மேலே உடுப்புப் போடவும் கூடாது. தோய்க்கும்போது சுழற்சியை 1400க்குக் கூட்டினால் காயும் நேரம் குறையும். ஒரு சாதாரண மேசை ஃபானும் சேர்த்துப் போட்டால் இன்னும் வேகம்.

இப்போது கணக்கு. 2025இல் ஒஃப்ஜெம் (எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு) வைத்த விலை வரம்பில் கரண்ட் யூனிற்றுக்கு 25 முதல் 27 பென்ஸ், காஸ் 6 முதல் 7 பென்ஸ். 200 வாற் மெசின் 5 மணித்தியாலம் ஓடினால் 1 யூனிற், சுமார் 26 பென்ஸ். காற்றுக்குழாய் வழியே வெளியே ஊதும் வகையோ சாதாரணக் கொண்டென்சர் வகையோ, டம்பிள் ட்ரையர் ஒரு முழுத் தடவைக்கு 4 முதல் 5 யூனிற் தின்னும்: ஒரு பவுணுக்கு மேலே. வாரம் நாலைந்து தோய்ச்சல் உள்ள வீட்டில் குளிர்காலம் முடியுமுன் மெசின் தன் விலையில் பாதிக்கு மேல் திருப்பித் தந்துவிடும். உங்களிடம் இருப்பது ஹீற் பம்ப் ட்ரையர் என்றால் அது 2 யூனிற்றுக்குள் முடிக்கும். அப்போது வித்தியாசம் கூடினால் 26 பென்ஸ்தான், அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வெப்பம். ஒரு லீற்றர் தண்ணீர் உடுப்பிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிற் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கும். 2 லீற்றருக்கு 1.4 யூனிற். யன்னலைத் திறந்தால் அது நீராவியோடு வெளியே போய்விடும். டீஹியூமிடிஃபையர் அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும்போது அதே வெப்பம் அறைக்குத் திரும்பி வரும். தான் எடுத்த 1 யூனிற் கரண்டும் கடைசியில் வெப்பமாகவே மாறும். மொத்தம் 2.4 யூனிற். அதையே காஸ் பொய்லரால் உண்டாக்க 17 பென்ஸ் அளவு போகும். ஆக 26 பென்ஸில் 17 உங்கள் வீட்டுக்குள்ளேயே சூடாக நிற்கிறது. மின்ஹீற்றர் உள்ள ஃபிளாற்றில் இருப்பவர்களுக்கு இது இன்னும் லாபம், ஏனென்றால் ஹீற்றர் 1 யூனிற்றுக்கு 1 யூனிற் வெப்பம்தான் தரும். இழுக்க ஈரம் இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு ஓடும், அதையும் மறக்க வேண்டாம்.

"காய்ந்த காற்று சீக்கிரம் சூடாகும்"

விற்பனைப் பக்கங்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன. 20 பாகையில் 70 வீதக் காற்றுக்கும் 50 வீதக் காற்றுக்கும், அதைச் சூடாக்கத் தேவைப்படும் சக்தியில் உள்ள வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை. அதனால் மட்டும் பில் குறையாது.

குறைவது வேறு வழியில். நனைந்த செங்கல், காய்ந்த செங்கலைவிட வேகமாகச் சூட்டை வெளியே விடும், ஆகவே சுவர் காய்ந்தால் இழப்பும் குறையும். உடுப்புக் காயவென்றே பொய்லரை ஓட்ட வேண்டியதில்லை. ஈரம் போகவென்று யன்னலை நாள் முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. படுக்கை குளிர்ந்து பிசுபிசுக்காது, அதனால் தெர்மோஸ்ரற்றில் ஒரு பாகை குறைத்தும் சமாளிக்கலாம். அந்த ஒரு பாகையை நீங்களே கையால் குறைக்க வேண்டும். மெசின் உங்களுக்காகக் குறைக்காது.

அதே நேரம் ஹீற்றிங்கை முழுக்க நிறுத்திவிட்டு மெசினை மட்டும் நம்பவும் கூடாது. சுவர் குளிர்ந்தால் பூஞ்சணம் வரும், கொம்பிறசரும் மந்தமாகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 18 பாகையைக் கீழெல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அதற்கு மேலே. பாவிக்காத அறையின் றேடியேற்றரையும் முழுக்கப் பூட்டாமல் சிறிது திறந்து வையுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பூஞ்சணம்

மெசின் பூஞ்சணத்தைக் கொல்லாது, வளர விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். முகக்கவசமும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்து, பூஞ்சணத் தெளிப்பானை அடித்துத் துடையுங்கள். காய்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சோடு வினாகிரியையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சுவர் முழுக்கக் காயுமுன் பெயின்ற் அடித்தால் சில மாதத்தில் அதே இடத்தில் அதே படம்.

சரிவராவிட்டால்

ஈரப்பதன் உயர்ந்தே இருக்கிறது, ஆனால் தொட்டி வெறுமை: அறை குளிராக இருக்கும், வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது சுருளில் பனி. நிறுத்தி, பனி கரையவிட்டு, அறையைச் சூடாக்கிப் போடுங்கள்.

தொட்டி தினமும் நிரம்புகிறது, மூன்று வாரமாகியும் எண் 65க்குக் கீழே இறங்கவில்லை: உடுப்பும் சமையலும் காரணமில்லை என்றால் எங்கோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் மீற்றர் உள்ளவர்கள் இரவு படுக்கும்போதும், காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன்பும் மீற்றரைப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஏப்ரல், மேயில் வெளியே உடுப்புக் காயத் தொடங்கியதும் மெசினை நிறுத்தலாம். தொட்டியைக் கழுவி, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் காயவிட்டு, வடிகட்டியைத் துடைத்து, நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள். ஹைக்ரோமீற்றரை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம். சில வருடங்களில் ஓகஸ்ட் கடைசியிலேயே எண் ஏறத் தொடங்கிவிடும்.